தங்கச்சி படத்துக்கு ஒரு சுவர்

அவள் இறந்த மறு வருஷம், தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், அவள் வரைந்த படங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம்.

அவள் என் நண்பனின் மனைவி. நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நண்பன் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து எங்களுக்கு அவன் பாய்தான். கார் ஓட்டியவனும் அதே பெஞ்சுதான். ஒட்டன்சத்திரத்துக்காரன், காய்கறி மண்டி வைத்திருக்கிறான். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மூவரில் கலை பற்றி எதுவும் தெரிந்தவர் யாரும் கிடையாது.

மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து, மகனும் துபாய்க்குப் போன பிறகுதான் தங்கச்சி வரைய ஆரம்பித்தாள். பகல் போகவே மாட்டேன் என்கிறது என்பாள். ஃபோனில் வீடியோ ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து பெயிண்ட் குழைக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் வீடியோவில் வருகிற பனிமலை, பைன் மரம். அப்புறம் வீட்டில் இருக்கிற சொம்பு, மாதுளம்பழம், மொட்டை மாடியில் துணி காயும் கொடி, ஜன்னலில் தெரியும் சிறுமலை. அவர்கள் தெருவையும் பலமுறை வரைந்திருக்கிறாள். ஆனால் எந்தப் படத்திலும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். ஊரடங்கு போட்ட தெரு மாதிரி இருக்கிறது என்று மண்டிக்காரன் ஒருமுறை கேலி செய்தான். தங்கச்சி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“எங்கம்மா வீட்டுல உருவம் வரையிறது பழக்கமில்லண்ணே. வரையணும்னு நெனச்சாலும் கை போகமாட்டேங்குது.”

நோய் வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. மதுரைக்குப் போய் கீமோ ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பாள். கொஞ்சம் தெம்பு வந்ததும் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு வரைவாள். பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தான். கஞ்சி காய்ச்சுவது, மாத்திரை கொடுப்பது, வாந்தி எடுத்தால் ஏந்துவது எல்லாம் அவன்தான். ஒரு ஆம்பிளை இப்படிப் பார்த்துக்கொள்வானா என்று சொந்தக்காரர்களே ஆச்சரியப்பட்டார்கள். எங்களுக்கும் அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அவள் மௌத்தான பிறகு படங்களைப் பழைய போர்வையில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டான். மகள் அவனைக் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்லி ஒவ்வொரு வாரமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வீட்டில் சாமான் ஒதுக்கும்போதுதான் அந்த மூட்டை கீழே இறங்கியது. மறுநாள் எங்கள் இருவரையும் வரச்சொன்னான். டீ கொடுத்துவிட்டு, எங்கேயாவது ஒரு சுவரில் நாலு நாள் இவற்றை மாட்டி வைக்க வேண்டும் என்றான். உறவுக்காரர்களுக்காக இல்லையாம். அவர்கள் எதைக் காட்டினாலும் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிடுவார்களாம். வெளியே ஒரு இடத்தில் மாட்டினால், இவளும் படம் வரைந்தாள் என்று ஒரு பேர் இருக்கும் என்றான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓவியக்கூடம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிதாக எதுவும் இல்லை. இங்கே அங்கே விசாரித்து பாய் மூன்று இடம் தெரிந்து வைத்திருந்தான். டவுனில் ஒன்று, கொடைரோடு பக்கம் ஒன்று, தாடிக்கொம்பில் ஒன்று. சனிக்கிழமை மண்டி லீவு என்று சொல்லி மண்டிக்காரன் காரைக் கொண்டுவந்தான். சனிக்கிழமை அவன் மண்டிக்கு லீவு கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

காரில் ஏறும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தங்கச்சியின் படங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவளைத் தெரிந்ததால் பிடிக்கிறதா, படமாகவே பிடிக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாத ஒருவர் முகத்தைச் சுளித்தால் பாய் அதை எப்படித் தாங்குவான் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டவுனில் இருந்த இடம், ஃப்ரேம் போடும் கடைக்கு மேல் மாடி. ஏசி போட்டு, சுவருக்கு வெள்ளை அடித்து, படங்களுக்கு மேலே சின்னச் சின்ன விளக்கு வைத்திருந்தார்கள். நடத்துகிற இளைஞன் மரியாதையானவன். எங்களை உட்காரவைத்து ஜூஸ் வாங்கிக்கொடுத்தான். பாய் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். அந்த இளைஞன் நாலைந்து பார்த்துவிட்டு, மீதியைத் தொடாமலே பேசத் தொடங்கினான். இப்போது வீடு கட்டுகிறவர்கள் ஓடுகிற ஏழு குதிரை கேட்கிறார்களாம். ஹோட்டல்காரர்கள் புத்தர் முகம் கேட்கிறார்களாம். இரண்டும் பெரிய சைஸில் வேண்டும். சொம்பும் மாதுளையும் போகாது.

“விக்கிறதுக்கு இல்ல தம்பி. சும்மா மாட்டி வச்சாப் போதும்” என்றான் பாய்.

“சுவரே அம்புட்டுத்தான் பாய் இருக்கு” என்றான் அந்த இளைஞன். அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் ஸ்கேன் எடுத்துப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டுத் தருவதாகவும் சொன்னான். சுற்றிலும் சுவர்களில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. பாய் அவற்றை ஒரு சுற்று பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினான்.

மதுரை ரோட்டில் கொடைரோடு நோக்கிப் போனோம். இடது பக்கம் சிறுமலை கூடவே வந்தது. ரோட்டோரம் பன்னீர் திராட்சையைக் கூடையில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். மண்டிக்காரன் வண்டியை நிறுத்தி ஒரு பை நிறைய வாங்கி வந்தான். விலை பேசாமல் அவன் ஒரு பொருளை வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். பாய் இரண்டு பழம் எடுத்தான். ஒன்றை வாயில் போட்டான். இன்னொன்றைக் கொடைரோடு வரும்வரை விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது இடம், கொடைக்கானல் போகிறவர்கள் நிறுத்திக் காபி குடிக்கிற இடம். பின்னால் தென்னந்தோப்பு. தோப்புக்குள் ஓட்டுக் கூரை போட்ட நீளமான கொட்டகையில் படங்கள். சென்னையிலிருந்து வந்து நிலம் வாங்கி நடத்துகிறவர், எங்கள் வயதுதான் இருக்கும். படங்களைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிறுமலைப் படத்தை இரண்டாவது முறையும் எடுத்துப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஆர்ட்டிஸ்ட் எங்கே, இன்ஸ்டாவில் இருக்கிறாரா என்று கேட்டார். பாய் சொன்னான். அவர் உடனே எழுந்து நின்று, அவன் தோளில் கை வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நாங்க இருக்கிறவங்க படம் மட்டும்தான் வைக்கிறோம். வாங்கறவங்க ஆர்ட்டிஸ்ட்டப் பாக்கணும், பேசணும்னு கேக்கறாங்க.”

பாய் தலையாட்டினான். மண்டிக்காரனுக்குத்தான் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க, போய்ச் சேந்தவங்க படம்னா செவுத்துல நிக்காதுங்களா?” என்று கேட்டான். பாய்தான் இவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். அவர் பின்னாலேயே வந்து, காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நாங்கள் சாப்பிடவில்லை.

பக்கத்திலிருந்த பள்ளிவாசலில் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லி பாய் இறங்கினான். நாங்கள் எதிரே புளியமரத்தடியில் காரை நிறுத்திக் காத்திருந்தோம். திரும்பிவிடலாமா, தாடிக்கொம்புக்கும் போய் அவமானப்பட வேண்டுமா என்று மண்டிக்காரன் கேட்டான். நாமே ஏதாவது செய்யலாம், மண்டிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் மாட்டிவைத்து ஆட்களைக் கூப்பிடலாம் என்றும் சொன்னான். பாயிடம் அதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. அவன் முகம் கழுவி, தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தெளிந்த முகத்தோடு வந்தான். பசிக்கிறது என்றான். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடையில் சாப்பிட்டோம். வெஞ்சனம் என்ன என்று கேட்டு, கத்தரிக்காய் என்றதும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான். அவன் சாப்பிட்டதைப் பார்த்து எங்களுக்கு மனசு லேசாயிற்று.

தாடிக்கொம்பு திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம். வந்த வழியே திரும்பி, டவுனைத் தாண்டிப் போக வேண்டும். போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, சாதாரண காரை வீடு. முன் ஹாலில் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டு, சுவர் முழுக்கப் படம் மாட்டியிருந்தார்கள். நடத்துகிற பெண்ணுக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராம். சனி, ஞாயிறு மட்டும் ஹாலைத் திறந்து வைப்பாராம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அவர் எங்களை எதுவும் கேட்கவில்லை. தரையில் கோரைப்பாய் விரித்து, மூட்டையிலிருந்த எல்லாப் படங்களையும் அதன் மேல் பரப்பினார். பிறகு குனிந்தும் உட்கார்ந்தும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றையும் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகத் தள்ளி வைத்தார். பனிமலையும் பைன் மரமும் இடது பக்கம் போயின. தெருப் படங்கள் பலவும் போயின. வலது பக்கம் சொம்பு, மாடிக் கொடி, இன்னும் இரண்டு மூன்று. கடைசியாக ஒரு படத்தை எடுத்தவர் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

எனக்கு அந்தப் படம் தெரியும். அவள் கடைசியாக வரைந்தது. பிரம்பு நாற்காலி ஒன்றில் நீல நிறப் போர்வை குவிந்து கிடக்கும். நாற்காலியின் கையில் ஒரு மூக்குக் கண்ணாடி. ஜன்னலிலிருந்து மத்தியான வெயில் குறுக்கே விழுந்திருக்கும். அதை முடிக்கவில்லை, கீழ்ப் பாதியில் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. துவைக்கப் போட்ட போர்வையைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாள் என்று பாய் முன்பு சொன்னதுண்டு.

“இவங்க வேற எதுலயும் ஆள் வரையல. இதுல மட்டும்தான் வரைஞ்சிருக்காங்க” என்றார் அந்தப் பெண்.

பாய், அதில் ஆள் இல்லையம்மா, போர்வை என்றான். அவர் படத்தைத் தாழ்த்தி எங்களுக்குக் காட்டினார்.

“இல்லண்ணே. இங்க தோளு. தலை இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. கீழ பாருங்க, இது நாற்காலிக் கால் இல்ல, பாதம். போர்வைய முகம் வரைக்கும் போத்திக்கிட்டு ஒருத்தர் தூங்குறாரு. கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு...”

அதைச் சொல்லும்போதுதான் அவர் நிமிர்ந்து பாயின் முகத்தைப் பார்த்தார். அவன் போட்டிருந்தது அதே பழுப்பு ஃப்ரேம், அதே வட்டக் கண்ணாடி.

சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று விளங்கவில்லை. போர்வை மடிப்பு என்று நினைத்திருந்தது முட்டி. அந்தத் தோளின் சரிவை எனக்குக் கல்லூரியிலிருந்தே தெரியும். வகுப்பில் தூங்கும்போது அவன் அப்படித்தான் ஒரு பக்கமாகச் சரிவான்.

பாய் படத்தை வாங்கி முகத்துக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். மண்டிக்காரன் வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அந்தப் பெண் தயக்கத்தோடுதான் பேசினார். மற்ற படங்கள் கற்றுக்கொண்டிருந்தபோது வரைந்தவை, சொம்பும் கொடியும் நல்ல படங்கள், அவற்றைக் கட்டாயம் மாட்டலாம் என்றார். ஆனால் இந்தப் படம் நடுச்சுவரில் இருக்க வேண்டும், முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும் என்றார். கை நடுங்கியிருப்பது கோட்டில் தெரிகிறது, அப்படியும் அவசரப்படவில்லை, ஒரே நாளில் வரைந்தது மாதிரியும் இல்லை, பல மத்தியானம் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள் என்றார்.

காலையிலிருந்து சுவர் கேட்டு அலைந்தவன் பாய். கேட்ட சுவர் கிடைத்துவிட்டது. அவன் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

“இது வேணாம்மா. மத்ததுல எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. இத மட்டும் குடுக்க முடியாது.”

“சரிண்ணே” என்றார் அவர். வற்புறுத்தவில்லை. சொம்பையும் கொடியையும் எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கீழே எழுதுவதற்குப் பெயர் கேட்டார். பாய் நாற்காலிப் படத்தைப் போர்வையில் சுற்றுவதிலேயே இருந்தான். நான்தான் தங்கச்சியின் முழுப்பெயரைச் சொன்னேன்.

திரும்பும்போது குடகனாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். ஆற்றில் தண்ணீர் இல்லை. கருவேலமும் மணலும்தான். அவன் படத்தைக் காரிலேயே வைத்துவிட்டு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். நாங்கள் இருவரும் பக்கத்தில் போய் நின்றோம்.

“மத்தியானம் மாத்திரை குடுத்துட்டு அவ தூங்கிட்டாளான்னு பாப்பேன். கண்ண மூடியிருப்பா. சரி, நாமளும் செத்த நேரம் கண்ணசருவோம்னு நாற்காலில சாஞ்சுக்குவேன். எந்திரிக்கும்போதும் கண்ண மூடித்தான் இருப்பா. தூங்குனியான்னு கேட்டா, நல்லாத் தூங்குனேன்னு சொல்லுவா.”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

“தூங்கவே இல்லடா அவ. அம்புட்டு வலியோட முழிச்சுக்கிட்டு இருந்திருக்கா. நான் எந்திரிச்சிடக் கூடாதுன்னு சத்தங்கூடக் காட்டல. நாந்தான் அவளப் பாத்துக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

மனைவி போன அன்றைக்கு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, கப்ருஸ்தானில் அடக்கம் முடித்து, எல்லோரையும் வழியனுப்பி வைத்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவன் அவன். அன்று அந்தப் பாலத்தில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மண்டிக்காரன் அவனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். அவள் தூங்காமல் இருந்தது உனக்காகத்தான், அதில் அவளுக்குச் சந்தோஷமும் இருந்திருக்கும் என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை ஒட்டிப் போனது. மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்று அவனே சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறினோம்.

மாசிக் கடைசியில் தாடிக்கொம்பில் அந்த இரண்டு படங்களையும் மாட்டினார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். மகளும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி வாசலிலேயே நின்றான். கூட்டம் ஒன்றும் வரவில்லை. கோயிலுக்கு வந்தவர்களில் சிலர், நடை திறக்க நேரம் இருக்கிறது என்று வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தார்கள். ஒரு அம்மா கொடிப் படத்துக்கு முன்னால் நின்று, இதை வரைந்தது யார் என்று கேட்டார். வீட்டில் இருப்பவள் என்றான் பாய். அந்தம்மா, துணி நல்லாக் காஞ்சிருக்கு, எடுத்து மடிக்கணும் போல இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் அதை எங்களிடம் வந்து சொன்னான். சாயந்தரத்துக்குள் மூன்று தடவை சொன்னான்.

மகளுக்கு நாற்காலிப் படத்தைக் காட்டியிருந்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அப்பாவிடம் அதைப் பற்றி அவள் இன்றுவரை கேட்டதில்லை.

ரம்ஜான் முடிந்ததும் பாய் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். மற்ற படங்களை எங்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தான். எனக்குச் சிறுமலை. மண்டிக்காரனுக்கு ஆளில்லாத தெரு. அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான், மண்டியில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறான். நாற்காலிப் படத்தை பாய் கூடவே கொண்டுபோனான். சுவரில் மாட்டவில்லையாம். துணி அலமாரியில் இருக்கிறது, சில நாள் எடுத்துப் பார்ப்பேன் என்று சொன்னான்.

அங்கே அவனுக்கு ஒட்டவில்லை. மகளும் மருமகனும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது இருக்கும்போது பகலில் படுக்க மாட்டேன் என்கிறானாம். கண் சொருகினாலும் எழுந்து தெருவில் நடந்துவிட்டு வருகிறானாம். உடம்புக்கு ஆகாது அத்தா என்று மகள் சொல்லிப் பார்த்துவிட்டாள். என்னிடமும் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். சரி சரி என்றான்.

திண்டுக்கல் வீட்டை இன்னும் வாடகைக்கு விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறேன். அங்கிருந்தபடியே அவனுக்கு ஃபோன் போடுவேன். முருங்கை காய்த்திருக்கிறதா, பக்கத்து வீட்டில் புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள், தண்ணீர் எந்தக் கிழமை வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். நான் நடந்துகொண்டே பதில் சொல்வேன். எப்போது வருகிறாய் என்று கேட்டால், வாரேன்டா, வெயில் தணியட்டும் என்பான். இந்த வருஷம் ஐப்பசி மழை நல்ல மழை. வெயில் தணிந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. நான் மறுபடி கேட்கவில்லை.